ஏழாம் விசை

அந்த ஆஸ்பத்திரியில் பெடல் அக்கா என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் சம்பளப் பிரிவுகூட ஒரு நிமிடம் யோசிக்கும்.

இருப்பது கீழ்த்தளத்தில். ஒரு பக்கம் சலவை அறை, மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ரெக்கார்டு ரூம். ஜன்னல் கிடையாது. மூன்று சுவரிலும் கூரை வரை இரும்பு அலமாரி, அலமாரி நிறைய பழைய கோப்புகள். நாலாவது சுவரை ஒட்டி அக்காவின் மேசை. தலைக்கு மேல் ஒரு தடித்த குழாய் போகிறது. மாடியில் யாராவது தண்ணீரைத் திறந்தால் அது கடகடவென்று பேசும். வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் அக்கா தெரிந்துகொள்வார்.

காதில் ஹெட்போன், காலடியில் பெடல். நடுவில் மிதித்தால் குரல் ஓடும். இடது ஓரம் மிதித்தால் பின்னுக்குப் போகும். ஆபரேஷன் முடித்த டாக்டர்கள் ரெக்கார்டரில் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டு, ஆபரேஷன் குறிப்பாகத் தட்டச்சு செய்து கோப்பில் சேர்ப்பது வேலை. எந்த இடத்தில் கீறினார்கள், உள்ளே எதைப் பார்த்தார்கள், எதை எடுத்தார்கள், எப்படி மூடினார்கள் எல்லாம் அதில் இருக்கும். இரண்டு பேர் பார்த்த வேலை. ஒருவர் ஓய்வு பெற்றதும், "இவங்க ஒருத்தரே போதும்" என்று மேலே முடிவாகிவிட்டது.

"தூக்கத்துல கூட இடது கால உதைக்கறா. என்னையே ரிவைண்டு பண்றா" என்பார் அக்காவின் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பதும் அவர் வேலையில் சேர்த்தி. "வாரத்துக்கு ரெண்டு பேரையாவது காப்பாத்திடறேன். வீட்டுல இருக்கறவளத்தான் முடியல."

வேலைக்குச் சேர்ந்தபோது அக்காவுக்குத் தெரிந்த மருத்துவம் காய்ச்சல் மாத்திரையோடு சரி. முழ நீளச் சொற்களைப் பார்த்து முதல் மாதம் மிரண்டார். பிறகு சூட்சுமம் பிடிபட்டது. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அந்த இடம் வீங்கிப் புண்ணாகியிருக்கிறது. 'எக்டமி' என்று முடிந்தால் எடுத்தாயிற்று. 'ஆஸ்டமி' என்றால் துளை போட்டு வழி விட்டாயிற்று. வாலைப் பிடித்தால் தலை தானாக வரும். கோலிசிஸ்டெக்டமி என்றால் ஏதோ தேசத்தின் தலைநகர் என்று நினைத்திருந்தவர், பித்தப்பையை எடுப்பது என்று தெரிந்ததும் வீட்டில் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து வீட்டிலும் அந்த மொழி புகுந்துவிட்டது. முடி வெட்டிக்கொண்டு வந்தால் முடியெக்டமி. சண்டையில் தோற்றால், "சரி, எனக்குப் பேச்செக்டமி ஆயிடுச்சு" என்று கணவர் எழுந்து போவார்.

சொந்தக்காரர்களுக்கு அக்கா பாதி டாக்டர். ஒரு தடவை நாத்தனார் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணி, கல்லீரல் அன்ரிமார்க்கபிள்னு போட்டிருக்கு. பயமா இருக்கு."

"விசேஷமா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

நாத்தனாருக்கு முகம் சுருங்கியது. "அவ்வளவு காசு குடுத்து எடுத்தோம். ஒரு விசேஷமும் இல்லையா?"

அக்காவின் தலைவிதியை எழுதியது அந்த ஆஸ்பத்திரியின் சர்ஜன். கை தங்கம் என்று ஊரே சொல்லும். வாய் வேறு சங்கதி. ரெக்கார்டரைக் கையில் எடுத்தால் பாதிச் சொல் தொண்டையிலும் மீதி மூக்கிலும் போகும். அதையும் கை கழுவிக்கொண்டே, குழாயைத் திறந்துவிட்டுத்தான் சொல்வார். அவர் குரலைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அக்கா. அக்கா விடுப்பில் போனால் சர்ஜனின் குறிப்புகள் அப்படியே தேங்கும். ஒரு முறை நிர்வாகம் பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருளை வாங்கிப் போட்டது. அது சர்ஜன் பேசுவதை நெடுநேரம் கேட்டுவிட்டு, 'பேசுபவர் யாரும் இல்லை' என்று காட்டியது.

மாடியில் கண் பிரிவில், ஜன்னலோரம் ஒரு பதிவு மேசை உண்டு. அங்கே மாற்றல் கேட்டு அக்கா வருடம் தவறாமல் மனு கொடுத்தார். வருடம் தவறாமல் அதே பதில் வந்தது: தவிர்க்க முடியாத பணியாளர். வேறு யாருக்காவது அது பாராட்டாகக் கேட்டிருக்கும்.

சர்ஜன் செய்யும் ஆபரேஷன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. சொல்வதும் ஒரே மாதிரி. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டிய நாட்களில் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. திரும்பத் திரும்ப வரும் பத்திகளைக் கணினியில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை வைத்தார். குடல்வாலுக்கு ஐந்தாம் விசை. பித்தப்பை ஆணுக்கு ஆறு, பெண்ணுக்கு ஏழு. ஒரு தட்டு தட்டினால் முழுக் குறிப்பும் வந்து விழும். தொப்புளில் துளை போட்டது, கேமரா உள்ளே போனது, 'கல்லீரல், இரைப்பை, குடல் பார்க்கப்பட்டன, இயல்பாக உள்ளன' என்பது, கடைசியில் 'நோயாளி ஆபரேஷனை நன்றாகத் தாங்கிக்கொண்டார்' என்பது. மயங்கிக் கிடந்தவர் என்னத்தைத் தாங்கினார் என்று அக்காவுக்கு எப்போதும் சந்தேகம். ஆனாலும் வைத்தார். பெண்களுக்கான ஏழில் கூடுதலாக ஒரு வரி: 'கர்ப்பப்பையும் இரு சினைப்பைகளும் பார்க்கப்பட்டன, இயல்பாக உள்ளன.'

விஷயத்தை அவரே சர்ஜனிடம் சொன்னார். சர்ஜனுக்கு வாயெல்லாம் பல். அதற்குப் பிறகு அவர் விவரிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். கடைசியில் நோயாளி எண், ஆபரேஷன் பெயர், 'வழக்கம்போல' என்ற ஒரு சொல், ஏதாவது புதிதாக இருந்தால் அது. அவ்வளவுதான். மீதி விசையின் வேலை.

சர்ஜனின் குரல்தான் அக்காவைக் கீழ்த்தளத்தில் பூட்டி வைத்திருந்தது. அந்தப் பூட்டுக்கு இந்த விசைகளிலேயே ஒரு சாவி இருப்பதை அக்கா கண்டுபிடித்தார். இந்த வருட மனுவில் ஒரு வரி சேர்த்தார்: 'எல்லாம் விசையாகிவிட்டபடியால், இந்த வேலையை இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம்.' ஆஸ்பத்திரி சூப்பிரண்டெண்ட் மேடம் படித்துப் பார்த்தார். சர்ஜனைக் கேட்டார். சர்ஜன் தோளைக் குலுக்கினார். மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கண் பிரிவு.

அக்கா மேசை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தார். ஜன்னலோரம் வைக்க ஒரு சின்னச் செடித் தொட்டிகூட வாங்கிவிட்டார்.

அந்த வாரத்தில்தான் ஒரு ஆளும் அவர் மனைவியும் கீழே இறங்கி வந்தார்கள். நோயாளிகள் அங்கே வரக்கூடாது. ஆனால் மேலே ஒவ்வொரு கவுண்டரும் அவர்களை அடுத்த கவுண்டருக்குத் தள்ளி, தள்ள வேறு இடமில்லாமல் இங்கே விட்டிருந்தது. ஆள் நல்ல உயரம், நிலைப்படியில் தலையைக் குனிந்துதான் நுழைந்தார். பெரிய கட்டடங்கள் கட்டும் இடத்தில் க்ரேன் ஓட்டுகிறவர். இரண்டு மாதம் முன்பு பித்தப்பை எடுத்தாயிற்று. சுற்றும் முற்றும் பார்த்தார்.

"என் கேபினும் இவ்வளவுதான் மேடம். ஆனா நாலு பக்கமும் கண்ணாடி."

"ஏறினா சாயங்காலம்தான் இறங்க முடியும். அத சொல்ல மாட்டாரு" என்றார் மனைவி.

"உக்காருங்க. என்ன வேணும்?"

க்ரேன்காரர் ஆபரேஷன் குறிப்பை நீட்டினார். "இதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவருக்குக் கர்ப்பப்பை நல்லா இருக்காம்."

அக்கா குறிப்பை வாங்கினார்.

"சினைப்பை ரெண்டும் கூட நல்லா இருக்காம்" என்று மனைவி தொடர்ந்தார். "கல்யாணமாகி இத்தன வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீ சும்மா இரு. எனக்கு வேல போயிடும் போல இருக்கு, உனக்கு சிரிப்பு. மேடம், கம்பெனி டாக்டர் இதப் படிச்சுட்டு, சரி பண்ணி எடுத்துட்டு வா, அப்புறம்தான் மேல ஏத்துவேன்னுட்டாரு. சைட் முழுக்க இதே பேச்சு. பிரசவ லீவு எப்பலேர்ந்துன்னு ஃபோர்மேன் கேக்கறான்."

அக்கா அந்த வரியைப் படித்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆறுக்குப் பதில் ஏழு. பக்கத்து விசை.

"மன்னிச்சிடுங்க. என் தப்புதான். அந்த ஒரு வரிய எடுத்துட்டா சரியாயிடும். டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கி வைக்கறேன்."

"எடுத்துடுங்க." க்ரேன்காரர் எழுந்திருக்கவில்லை. "ஒண்ணு கேக்கட்டுமா? இல்லாத ஒண்ணப் பாத்தேன், நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கு. சரி. அதுக்கு மேல வரில கல்லீரலப் பாத்தேன், நல்லா இருந்துச்சுன்னு இருக்கு. அத மட்டும் நான் எப்படி நம்பறது?"

மனைவியின் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. "இவரோட அப்பா கல்லீரல்லதான் போனாரு. சின்ன வயசு. அந்த வரியப் படிச்சுக் காட்டினப்புறம்தான் இவரு ஒழுங்கா சாப்பிட்டாரு."

"டாக்டர் பாத்தாரா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் அவர்.

"கேட்டுச் சொல்றேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டு அக்கா அந்த ஆபரேஷனின் ஒலிப்பதிவைத் தேடி எடுத்தார். பழைய பதிவுகளை அவர் அழிப்பதில்லை. ஹெட்போனை மாட்டி நடுவில் மிதித்தார். தண்ணீர் ஓடும் சத்தம். நோயாளி எண். "பித்தப்பை. வழக்கம்போல. கல்லு மூணு." தண்ணீர் நின்றது. பதிவும் நின்றது. இடது ஓரம் மிதித்தார். தண்ணீர், எண், வழக்கம்போல, கல்லு மூணு. மறுபடியும் மிதித்தார். எத்தனை முறை பின்னுக்குப் போனாலும் அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் சர்ஜனை லிஃப்ட் வாசலில் மடக்கினார்.

"சார், அந்த க்ரேன்காரர் கேஸ்."

"எந்த க்ரேன்காரர்?"

"மூணு கல்லு."

"ஓ, மூணு கல்லா! அப்படிச் சொல்லுங்க." சர்ஜனுக்கு ஆட்கள் கல்லாகத்தான் நினைவில் நிற்பார்கள்.

"அவரோட கல்லீரலப் பாத்தீங்களா சார்?"

"பாத்திருப்பேன்மா. கேமரா உள்ள போனா எதிர்ல அதுதான நிக்கும். வீட்டுக்குள்ள நுழையறவன் சுவரப் பாக்காமயா போவான்?"

"சுவரப் பாக்கறது வேற. விரிசல் இருக்கான்னு பாக்கறது வேற, இல்லையா சார்?"

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. சர்ஜன் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது. "ஞாபகம் இல்ல" என்றார், அவருக்கே வியப்பாக இருப்பதுபோல. பிறகு எரிச்சல் வந்துவிட்டது. "நீங்க பட்டன மாத்தி அழுத்தினதுக்கு நான் எதுக்குப் பரீட்சை எழுதணும்?" என்று படியில் ஏறிப் போனார்.

மறுநாள் சூப்பிரண்டெண்ட் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். க்ரேன்காரரின் கம்பெனியிலிருந்து புகார் வந்திருந்தது. மேடம் ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறவர். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டே ஒரு தாளை அக்கா பக்கம் தள்ளினார். எதிர் நாற்காலியில் சர்ஜன்.

"ஒண்ணும் பெரிசில்ல. தட்டச்சுப் பிழை. கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது. உங்க மாற்றலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பயப்படாதீங்க. ஜன்னல் பக்கம் நாற்காலி மாத்தச் சொல்லியாச்சு."

அக்கா பேனாவை எடுத்தார். தாளில் இருந்தது ஒரே வாக்கியம். 'மருத்துவர் கூறியதைத் தட்டச்சு செய்கையில் ஒரு வரி தவறுதலாகச் சேர்ந்துவிட்டது.' கையெழுத்துப் போட்டால் ஒன்றாம் தேதி வெளிச்சத்தில் உட்காரலாம். போடாமல் வாயைத் திறந்தால் விசைகள் போகும். விசைகள் போனால் கண் பிரிவும் போகும். அது புரியாத அளவுக்கு அவர் குழந்தை இல்லை. பிழை என்பதும் பொய் இல்லையே. ஒரு வரி தவறுதலாகச் சேர்ந்ததுதான்.

பேனா முனை தாளில் பட்டது. 'மருத்துவர் கூறியதை' என்ற இடத்தில் அப்படியே நின்றது.

"டாக்டர் சொல்லல மேடம்."

"கர்ப்பப்பையத்தான? அது தெரிஞ்ச கதைதான்."

"கல்லீரலும் சொல்லல. இரைப்பை, குடல், எதுவும் சொல்லல. வழக்கம்போலன்னு சொன்னாரு. மத்ததெல்லாம் விசைல இருக்கறது."

மேடம் ஃபோனைக் கீழே வைத்தார். "இந்த ஒரு குறிப்பு மட்டுமா?"

"இல்ல. ரொம்ப நாளா இப்படித்தான்."

"யார் ஆரம்பிச்சது?"

"நான்தான். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னு."

மேடம் சர்ஜனைப் பார்த்தார். சர்ஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "உண்மதான்" என்றார். அன்றைக்கு அந்த ஒரு சொல்லைத்தான் அவர் தெளிவாக உச்சரித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. க்ரேன்காரருக்கு ஆஸ்பத்திரியே ஸ்கேன் எடுத்துக் கொடுக்கும். அவருடைய குறிப்பை சர்ஜன் தன் கையால் திருத்தி எழுதுவார், நினைவில் இல்லாததை நினைவில் இல்லை என்றே எழுதுவார். விசைகள் எல்லாம் இன்றே அழிக்கப்படும். இனி ஒவ்வொரு ஆபரேஷனையும் டாக்டர் முழுதாகச் சொல்ல வேண்டும், சொன்னதை மட்டும் அடிக்க வேண்டும். மேடம் வேகமாக எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சரி, இவர் முழுசா பேசினா அத யார் புரிஞ்சு அடிப்பாங்க?"

 மேடம் வேறொரு தாளை இழுத்து அதன் குறுக்கே கோடு போட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படிப்பது அக்காவுக்குப் பழக்கம்தான். ஆனாலும் அந்தத் தாளை அவர் படிக்கவில்லை.

வீட்டில் கணவர் சாப்பாடு பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"கதவு திறந்துதான இருந்துச்சு?"

"ஆமா."

"நீயே உள்ள நின்னு மூடிக்கிட்ட."

"ஆமா."

"எத்தனயோ லிஃப்ட் பாத்துட்டேன். இப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு அக்காவின் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார். வேண்டாமென்று சொல்லவும் அக்காவுக்குத் தெம்பில்லை.

க்ரேன்காரரும் மனைவியும் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மீண்டும் கீழே வந்தார்கள். யாரும் தள்ளிவிடவில்லை, இந்தத் தடவை அவர்களாகவே வழி தெரிந்து வந்தார்கள். அவர் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினார். 

"அன்ரிமார்க்கபிள்னா? நல்லதா கெட்டதா?"

"குறிப்பிடும்படியா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். இந்த ஆஸ்பத்திரில ஒரு உடம்புக்கு இதவிடப் பெரிய பட்டம் கிடையாது."

அவர் மூச்சை விட்ட வேகத்தில் மேசையில் இருந்த தாள் நகர்ந்தது. மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே, "இவர்கிட்ட குறிப்பிடும்படியா ஒண்ணும் இல்லன்னு நான் இத்தன வருஷமா சொல்லிட்டிருக்கேன். ஸ்கேன் எடுத்துத்தான் நம்பணுமா?" என்றார்.

போகும்போது க்ரேன்காரர் இழுப்பறைப் பக்கம் இருந்த செடித் தொட்டியைப் பார்த்தார். "இங்க வெளிச்சமே இல்லையே. இது பிழைக்குமா?"

"தெரியல" என்றார் அக்கா. பிறகு ஏதோ தோன்றி அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "உங்க கேபின்ல வச்சுக்கங்க."

அவர் தொட்டியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, நிலைப்படியில் தலையைக் குனிந்து வெளியே போனார்.

இப்போது வேலை இரண்டு மடங்கு. சர்ஜன் முதல் வாரம் கோபத்தில் ஒவ்வொரு தையலையும் விடாமல் சொன்னார், வேண்டுமென்றே முணுமுணுத்தார். அக்கா வீடு திரும்பும் நேரம் தள்ளிப்போனது. வருகிற வருடம் மனு எழுதினாலும் என்ன பதில் வரும் என்று தெரியும். சர்ஜன் ஓய்வு பெற இன்னும் நெடுங்காலம் இருக்கிறது. ஆள் ஆரோக்கியமானவர் வேறு.

ஒரு நாள் புதிய பதிவு ஒன்றைப் போட்டபோது ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரமானது. தண்ணீர்ச் சத்தம் இல்லை. கருவிகளின் பீப் ஒலிதான் கேட்டது. மனிதர் ஆபரேஷன் மேசை பக்கத்திலேயே நின்று சொல்கிறார். யாரோ ரெக்கார்டரைப் பிடித்திருக்க வேண்டும்.

"கல்லீரல்..." என்றார் சர்ஜன். நிறுத்தினார். "கேமராவ மேல தூக்குங்க. இன்னும். வலது பக்கம் திருப்புங்க. நில்லுங்க."

அக்காவின் விரல்கள் விசைப்பலகைமேல் காத்திருந்தன. பீப் ஒலி ஓடிக்கொண்டே இருந்தது. சர்ஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது தலைக்கு மேல் குழாய் கடகடவென்று பேச ஆரம்பித்தது. அக்கா இடது ஓரம் மிதித்தார். குழாய் ஓயும் வரை காத்திருந்து மறுபடி மிதித்தார். மூன்றாவது முறை, தொண்டைக்கும் மூக்கிற்கும் நடுவில் அந்தச் சொல் அகப்பட்டது.

கல்லீரல் பார்க்கப்பட்டது, இயல்பாக உள்ளது என்று எழுத்து எழுத்தாக அடித்தார்.

சலவை அறைப் பெண் துணி மூட்டையோடு கதவைத் தள்ளினார். அவர் செருப்பு நனைந்து தரையில் தடம் விட்டது.

"மழையா?" என்றார் அக்கா.

"கொட்டுது அக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா ஹெட்போனைக் காதில் சரிசெய்துகொண்டு நடுவில் மிதித்தார்.